பாடாங்ல ஜெயசூர்யா ஆடுன அந்த ஒரு வாரம்: 1996 சிங்கர் கோப்பை பத்தி கொஞ்சம் விரிவா

349, 315, 199, 187, 226, 215, 172. இந்த நம்பர் எல்லாம் ஒரே கிரவுண்டுல, ஒரே வாரத்துல, மூணே டீம் அடிச்ச ஸ்கோர். வருஷம் 1996, மாசம் ஏப்ரல், இடம் நம்ம சிங்கப்பூர் பாடாங். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூணும் வந்து ஆடுன சிங்கர் கோப்பை. இன்னைக்கு தேக்கா பக்கம் கோப்பிக்கடையில உக்காந்து கிரிக்கெட் பேசுனா பேச்சு நேரா ஐபிஎல்லுக்குப் போயிடுது, சிஎஸ்கே ஏன் தோத்துச்சு, யாரை ஏலத்துல எடுக்கணும்னு ராத்திரி வரைக்கும் ஓடும், ஆனா ஒருநாள் கிரிக்கெட்டோட ரெண்டு பெரிய உலக சாதனை சிட்டி ஹால் எம்ஆர்டில இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா வர்ற அந்தப் புல்தரையில உடைஞ்சதுன்னு சொன்னா பாதிப் பேர் நம்பவே மாட்டேங்கிறாங்க. நம்புற மீதிப் பேரு "அது சின்ன கிரவுண்டுப்பா, அதான் அடிச்சான்"னு ஒரே வரில முடிச்சுடுறாங்க. எனக்கு அதுல துளிகூட உடன்பாடு இல்ல, மேல இருக்கிற நம்பரை இன்னொரு தடவை பாத்தீங்கன்னா ஏன்னு புரிஞ்சிடும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல அந்த நேரத்துல என்ன நிலைமைன்னு சொல்லணும், இல்லன்னா இந்தப் போட்டி எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு தெரியாது. உலகக் கோப்பை அப்பதான் முடிஞ்சிருக்கு. மார்ச் 9 பெங்களூர்ல இந்தியா பாகிஸ்தான் காலிறுதி, வக்கார் யூனிஸ் பந்தை அஜய் ஜடேஜா வெளுத்து வாங்குனது, ஆமிர் சோஹைல் பௌண்டரி அடிச்சுட்டு வெங்கடேஷ் பிரசாத்தைப் பாத்து மட்டையை நீட்டிக் காட்ட அடுத்த பந்துலயே ஸ்டம்ப் பறந்தது, எல்லாம் அந்த மேட்ச்தான். மார்ச் 13 கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் அரையிறுதி, சச்சின் ஸ்டம்பிங் ஆனதும் 98க்கு 1னு இருந்த இந்தியா 120க்கு 8னு சரிஞ்சு, கூட்டம் பாட்டில் எறிஞ்சு, தீ வச்சு, கடைசில மேட்சை இலங்கைக்கே குடுத்துட்டாங்க. வினோத் காம்ப்ளி அழுதுக்கிட்டே போன அந்தக் காட்சியை அன்னைக்கு டிவில பாத்த யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் 17 லாகூர்ல அரவிந்த டி சில்வா சதம் அடிச்சு, மூணு விக்கெட்டும் எடுத்து, ஆஸ்திரேலியாவை தோற்கடிச்சு இலங்கை உலக சாம்பியன். அந்தக் கோப்பை முடிஞ்சு பதினஞ்சே நாள்ல, ஏப்ரல் 1ஆம் தேதி திங்கக்கிழமை, அதே மூணு டீமும் சிங்கப்பூர்ல வந்து நிக்குது. காயம் ஆறல, கோபம் போகல, இலங்கைக்காரங்களுக்கு சந்தோஷமும் இன்னும் இறங்கல.

ஏன் சிங்கப்பூர்னு கேக்கலாம். அப்ப சாட்டிலைட் டிவி இந்தியா பாகிஸ்தான் பக்கம் வீட்டுக்கு வீடு நுழைஞ்சுக்கிட்டு இருந்த காலம், ஒருநாள் மேட்ச்னா விளம்பரக் காசு கொட்டும், அதனால சொந்த நாட்டுல ஆடுறது போதாதுன்னு வெளியூர்ல நடுநிலையான இடமா பாத்து மூணு நாலு டீமைக் கூட்டி ஒரு வாரக் கோப்பை நடத்துறது வழக்கமாச்சு. ஷார்ஜா ரொம்ப வருஷமாவே அப்படித்தான், 1996 செப்டம்பர்ல டொராண்டோ ஆரம்பிச்சுது, நைரோபியும் அதே வருஷம் ஒரு கோப்பை நடத்துச்சு, நடுவுல சிங்கப்பூர். நமக்கு நேர வித்தியாசமும் தோது, இங்க காலையில ஆரம்பிச்சா இந்தியாவுலயும் இலங்கையிலயும் விடிஞ்சதும் பாத்துக்கலாம். ஸ்பான்சர் சிங்கர் கம்பெனி, நம்ம பாட்டி வீட்டுல இருந்த தையல் மெஷின் சிங்கரேதான், இலங்கை கிரிக்கெட்டுக்கு அப்ப அவங்க ரொம்ப வேண்டப்பட்டவங்க.

பாடாங் பத்தி சிங்கப்பூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஆனா வெளிய இருந்து படிக்கிறவங்களுக்காக. பழைய சிட்டி ஹாலும் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு பக்கம், அது ரெண்டும் சேர்ந்துதான் இப்ப நேஷனல் கேலரி. ஒரு கோடியில 1852ல ஆரம்பிச்ச சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், எதிர்க்கோடியில 1883ல வந்த ரெக்ரியேஷன் கிளப். 1943 ஜூலையில நேதாஜி இங்கதான் இந்திய தேசிய ராணுவத்தோட அணிவகுப்பைப் பாத்தாரு, அந்தப் படையில நம்ம தமிழ் ஆளுங்க எத்தனை பேர் தோட்டத்துல இருந்து நேரா வந்து சேர்ந்தாங்கன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1966ல முதல் தேசிய தின அணிவகுப்பு இங்க, 2022ல தேசிய நினைவுச்சின்னம்னு அறிவிச்சாங்க. அப்பேர்ப்பட்ட இடம். ஆனா கிரிக்கெட் ஸ்டேடியமா கட்டுன இடம் இல்ல, நகரத்துக்கு நடுவுல ஒரு திறந்த மைதானம், நாலு பக்கமும் ரோடு கட்டடம், எல்லைக்கோட்டை இஷ்டத்துக்குத் தள்ளி வைக்க முடியாது. சின்ன கிரவுண்டுங்கிறது பொய்யில்ல, அதை நானும் மறுக்கல.

ஏப்ரல் 1 பாகிஸ்தான் இலங்கை மேட்ச் மழையில போச்சு. ஏப்ரல் மாசம் சிங்கப்பூர்ல மத்தியானத்துக்கு மேல வானம் இருட்டி இடி இடிக்கிறது நமக்கு தெரிஞ்ச கதைதான். மறுநாள் செவ்வாய்க்கிழமை திரும்ப முதல்ல இருந்து ஆடுனாங்க, வரலாறு அன்னைக்குத்தான். இலங்கை ஓப்பனர் சனத் ஜெயசூர்யா 48 பந்துல சதம். அதுக்கு முன்னாடி ஒருநாள் போட்டியில வேகமான சதம் 62 பந்து, 1988 டிசம்பர்ல பரோடாவுல நியூசிலாந்துக்கு எதிரா நம்ம அசாருதீன் அடிச்சது, ஏழு வருஷத்துக்கு மேல யாரும் அதைத் தாண்டல. இவரு அதை ஒரேயடியா 14 பந்து குறைச்சுட்டாரு. சாதனைன்னா வழக்கமா ஒண்ணு ரெண்டா குறையும், 100 மீட்டர் ஓட்டத்துல நூலிழை மாதிரி, இது அப்படி இல்ல, யாரும் யோசிச்சே பாக்காத இடத்துக்கு ஒரே தாவல். கடைசில 65 பந்துல 134, அதுல 11 சிக்ஸர், 11 பௌண்டரி. ஒரு இன்னிங்ஸ்ல அதுவரைக்கும் அதிக சிக்ஸர் கார்டன் கிரீனிட்ஜோட 8. அதுவும் காலி.

அன்னைக்கு பாகிஸ்தான் கேப்டன் ஆமிர் சோஹைல். இடது கை சுழல் நல்லாவே போடுவாரு, சரி நாமளே கையில எடுத்துப் பாப்போம்னு பந்தை வாங்கியிருக்காரு. அந்த ஒரே ஓவர்ல ஜெயசூர்யா மட்டையில இருந்து மட்டும் 29 ரன். ஒரு ஓவர்ல ஒரே ஆளு இத்தனை அடிச்சது அப்ப உலக சாதனை. இந்த ஓவரை இப்பவும் யூடியூப்ல துண்டு துண்டாப் பாக்கலாம், பிக்சர் மங்கலா இருக்கும், ஆனா பாக்கப் பாக்க அலுக்காது.

இலங்கை 349. உலகக் கோப்பையில கென்யாவை 398 அடிச்ச அதே டீம், ஆனா கென்யா வேற, பாகிஸ்தான் வேற. 250 அடிச்சா நிம்மதியா தூங்கப் போற காலத்துல 349ஐத் துரத்துறதுன்னா முதல் ஓவர்லயே கையைத் தூக்கிடுவாங்க. பாகிஸ்தான் தூக்கல. 315 வரைக்கும் வந்துட்டாங்க, 34 ரன்லதான் தோல்வி. ரெண்டு டீமும் சேர்ந்து 664, ஒரே மேட்ச்ல அவ்வளவு ரன் அதுவரைக்கும் உலகத்துல எங்கயும் வந்ததில்ல. எல்லாரும் ஜெயசூர்யாவையே பேசுறதால அந்த 315ஐ யாரும் கண்டுக்குறதில்ல, எனக்கு அது பெரிய வருத்தம், அந்தக் காலத்துல 315 அடிச்சும் தோக்குறது எவ்வளவு கொடுமை!

இப்ப ஏன் இப்படி அடிக்க முடிஞ்சதுங்கிற விஷயத்துக்கு வர்றேன். முதல் காரணம் ரூல். அப்பல்லாம் முதல் 15 ஓவருக்கு உள்வட்டத்துக்கு வெளிய ரெண்டு ஃபீல்டர்தான் நிக்க முடியும். இந்த ரூல் 1992 உலகக் கோப்பையிலயே இருந்துச்சு, நியூசிலாந்து மார்க் கிரேட்பேட்ச்சை முதல்ல இறக்கி விட்டு அதைக் கொஞ்சம் பயன்படுத்திக்கிட்டாங்க. ஆனா மத்த டீமெல்லாம் அதை ஒரு ஆபத்தாத்தான் பாத்தாங்க: புதுப் பந்து, விக்கெட்டை விட்டுடக் கூடாது, பதினஞ்சு ஓவர் நிதானமா ஆடி 60, 70 எடுத்துட்டு கடைசி பத்து ஓவர்ல அடிக்கலாம்னு எல்லாரும் ஒரே பாடத்தை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாங்க. இலங்கை கேப்டன் ரணதுங்கவும் அந்த டீமும் இதைத் தலைகீழாத் திருப்புனாங்க. ஃபீல்டர் எல்லாம் கிட்ட நிக்கிறப்ப தலைக்கு மேல தூக்கி அடிச்சா பிடிக்க அங்க ஆளே இல்லையே, அப்ப அதுதானே அடிக்க வேண்டிய நேரம், விக்கெட் போனா பின்னால அரவிந்தவும் குருசிங்கவும் மகாநாமவும் ரணதுங்கவும் வரிசையா இருக்காங்களே! இதுதான் கணக்கு. கேட்டா ரொம்ப எளிசா இருக்கு, ஆனா அதுக்கு தைரியமும் வேணும், பின்னால நம்பகமான நடுவரிசையும் வேணும், ரெண்டும் ஒண்ணா அப்ப இலங்கைகிட்ட மட்டும்தான் இருந்துச்சு.

அந்த வருஷம் ஜனவரியில ஆஸ்திரேலியாவுல ஆடுனப்பதான் விக்கெட் கீப்பர் ரொமேஷ் கலுவிதாரணவை ஓப்பனிங் அனுப்பிப் பாத்தாங்க, கூட ஜெயசூர்யா. கலுவிதாரண கட்டையா குட்டியா இருப்பாரு, கட் ஷாட் அடிச்சா சத்தம் அடுத்த தெருவுக்குக் கேக்கும். ஜெயசூர்யா மாத்தறைக்காரர், டீமுக்கு வந்ததே பந்து போடத் தெரிஞ்ச, கீழ் வரிசையில கொஞ்சம் அடிக்கத் தெரிஞ்ச ஆளாத்தான். அவரை மேல தூக்கி விட்டது ஒரு பெரிய சூதாட்டம், அது பலிச்சதை உலகக் கோப்பையில டெல்லியில நாம நம்ம கண்ணாலயே பாத்தோம், மனோஜ் பிரபாகரை அவரு அடிச்ச அடியில பாவம் அந்த மனுஷன் வேகப்பந்தை விட்டுட்டு ஆஃப் ஸ்பின் போட வேண்டி வந்துச்சு. அப்புறம் ஃபைசலாபாத்ல இங்கிலாந்துக்கு எதிரா 44 பந்துல 82. ஆக சிங்கப்பூர் வந்தப்ப அவரு திடீர்னு அடிச்ச ஆளு இல்ல, மூணு மாசமா எல்லா நாட்டு பவுலரையும் அடிச்சுப் பழகி, உச்சத்துல இருந்த ஆளு.

சரி, சின்ன கிரவுண்டு வாதத்துக்கு வருவோம். கிரவுண்டு சின்னது, அதனாலதான் ரன்னுன்னா அந்த வாரம் எல்லா மேட்சும் அப்படித்தானே இருக்கணும்? 349, 315 வந்த மறுநாளே அதே கிரவுண்டுல இந்தியா 199க்கு ஆல் அவுட். அதைத் துரத்துன இலங்கை, ஆமா அதே இலங்கை, முந்தின நாள் 349 அடிச்ச அதே இலங்கை, 187க்கு ஆல் அவுட். ஃபைனல்ல பாகிஸ்தான் 215, இலங்கை 172. எல்லைக்கோடு ராத்திரியோட ராத்திரியா நகர்ந்துடலையே? சின்ன கிரவுண்டு ஒரு சில கேட்சை சிக்ஸரா மாத்தியிருக்கும், ஒத்துக்குறேன். ஆனா 48 பந்துல சதம் அடிக்கணும்னா தொடர்ந்து எட்டு ஓவர் கணக்குக்கு ஒவ்வொரு பந்தையும் சரியா மட்டை நடுவுல வாங்கணும், அந்த வாரம் அதே பிட்ச்ல அத்தனை பெரிய பேட்ஸ்மேன்கள் இருந்தும் இன்னொருத்தராலயும் அது முடியல. சச்சின் இருந்தாரு, சயீத் அன்வர் இருந்தாரு, அரவிந்த இருந்தாரு. எல்லாருக்கும் அதே எல்லைக்கோடுதான்.

அந்த 199-187 மேட்சுக்கு வருவோம், புதன்கிழமை, ஏப்ரல் 3. ஈடன் கார்டன்ஸ் அரையிறுதி முடிஞ்சு சரியா மூணு வாரம். இந்தியா 12 ரன்ல ஜெயிச்சாங்க. இது பழிவாங்கல்னு பெருசா சொல்லிக்க முடியாது, உலகக் கோப்பை அரையிறுதியையும் இதையும் ஒரே தராசுல வைக்க முடியாது, ஆனாலும் மனசுக்கு ஒரு ஆறுதல். இந்த மேட்ச்ல இன்னொரு சங்கதி இருக்கு, அதுக்காகவே இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்: ராகுல் டிராவிட் இந்தியாவுக்கு முதல் முதலா ஆடுன மேட்ச் இதுதான். காம்ப்ளியை எடுத்துட்டு இவரைக் கொண்டு வந்தாங்க. லார்ட்ஸ்ல 95 அடிச்சு டெஸ்ட்ல வந்தது எல்லாருக்கும் தெரியும், அது ஜூன் மாசம், அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இந்தியா சட்டையை அவரு முதல்ல போட்டது நம்ம பாடாங்ல. அடிச்சது 3 ரன். கலுவிதாரண கேட்ச், பந்து போட்டது முத்தையா முரளிதரன். ரெண்டு கேட்ச் பிடிச்சாரு, அது மட்டும் மிச்சம். அடுத்த மேட்ச்ல பாகிஸ்தானுக்கு எதிரா 4, ரன் அவுட்.

முரளியோட நிலைமையும் அப்ப லேசுப்பட்டது இல்ல. நாலு மாசம் கூட ஆகல, 1995 பாக்ஸிங் டே அன்னைக்கு மெல்போர்ன்ல அத்தனை ஆயிரம் பேர் முன்னாடி அம்பயர் டேரல் ஹேர் நோபால் நோபால்னு கத்தி அவரு விதிக்கு மாறா கையை மடக்கி எறியிறாருன்னு சொல்லி அவமானப்படுத்தி. கண்டியில பிஸ்கட் கம்பெனி நடத்துற ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன், இலங்கை டீம்ல ஒரே தமிழர், அந்த நேரத்துல ஊர்ல போரும் நடந்துக்கிட்டு இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கிற யாழ்ப்பாணத் தமிழர்களுக்கும் நம்ம ஊர் தமிழர்களுக்கும் இந்த மேட்ச்ல யாருக்குக் கை தட்டுறதுன்னு எவ்வளவு சிக்கலா இருந்திருக்கும் பாருங்க: ஒரு பக்கம் சச்சின், கும்ப்ளே, இன்னொரு பக்கம் முரளி. எங்க வீட்டுலயே பெரியவங்க ரெண்டு கட்சி. பின்னாடி அந்த முரளி டெஸ்ட்ல 800, ஒருநாள்ல 534 விக்கெட், அந்த டிராவிட் ஒருநாள்ல பத்தாயிரத்துக்கு மேல ரன். ரெண்டு பேரும் ஒருநாள் கிரிக்கெட்ல முதல்ல மோதிக்கிட்டது நேஷனல் கேலரி வாசல் முன்னாடி இருக்கிற புல்லுல, நினைக்கிறப்பவே எனக்கு சிலிர்க்குது.

ஏப்ரல் 5 வெள்ளிக்கிழமை இந்தியா பாகிஸ்தான். அன்னைக்கு புனித வெள்ளி, சிங்கப்பூர்ல பொது விடுமுறை, வேலைக்கு லீவு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. சச்சின் 100, பாகிஸ்தானுக்கு எதிரா ஒருநாள் போட்டியில அவரோட முதல் சதம். ஷார்ஜாவுல அடிச்ச 118ஐ எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க, அது அதே ஏப்ரல் 15, பத்து நாள் கழிச்சு. முதல் சதம் இங்கதான். ஆனா அவர் ஒருத்தர் போதுமா, இந்தியா மொத்தமே 226, நடுவுல மழை, இலக்கை மாத்துனாங்க, பாகிஸ்தான் 8 விக்கெட் வித்தியாசத்துல ஊதித் தள்ளிட்டாங்க. மழை வந்தா இலக்கைக் கணக்குப் போடுற டக்வொர்த் லூயிஸ் முறை அப்ப வரவே இல்ல, 1997 ஜனவரியிலதான் முதல்ல பயன்படுத்துனாங்க.

இப்ப மூணு டீமுக்கும் ஆளுக்கொரு வெற்றி, ஆளுக்கொரு தோல்வி. ஃபைனலுக்கு யாருன்னு ரன்ரேட்தான் சொல்லணும். சில பேரு இன்னும் இந்தியாவை ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, கணக்கு ரொம்ப சுலபம். நீ ஓவருக்கு எத்தனை அடிச்ச, ஓவருக்கு எத்தனை குடுத்த, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான் ரன்ரேட். ஆல் அவுட் ஆனா முழு 50 ஓவர் ஆடுனதாவே கணக்கு. இலங்கை 34 ரன்ல ஜெயிச்சு 12 ரன்ல தோத்தாங்க, அப்ப மொத்தத்துல கொஞ்சம் மேல. இந்தியா ஜெயிச்சது வெறும் 12 ரன்ல, தோத்ததோ ஓவர் மிச்சம் இருக்கும்போதே. பாகிஸ்தானுக்கு 34 ரன் தோல்வியால விழுந்த பள்ளத்தை அந்த வேகமான சேஸே நிரப்பிடுச்சு. பாகிஸ்தானோட ஓப்பனர்களை இன்னும் சில ஓவர் இழுத்துப் பிடிச்சு ஆட வச்சிருந்தாக்கூட நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும், தோல்வியில கூட மெதுவாத் தோக்கணும்னு அப்ப நம்ம டீமுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை போல.

ஏப்ரல் 7, ஞாயித்துக்கிழமை, ஈஸ்டர், ஃபைனல். எனக்கு இந்தத் தொடர்ல ரொம்பப் பிடிச்ச நாள் இதுதான், சதம் அடிச்ச நாள் கூட இல்ல. பாகிஸ்தான் 215க்கு ஆல் அவுட். 349 அடிச்ச டீமுக்கு 216 என்ன பெரிய இலக்கா? ஜெயசூர்யா வந்தாரு, 17 பந்துல அரைசதம். அதுக்கு முன்னாடி 1990ல ஷார்ஜாவுல இதே இலங்கைக்கு எதிரா ஆஸ்திரேலியாவோட சைமன் ஓடோனல் 18 பந்துல அடிச்சதுதான் சாதனை. முதல் விக்கெட் விழுந்தப்ப ஸ்கோர் 70. அவுட் ஆனது கலுவிதாரண. அவரு அடிச்ச ரன் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். எழுபது ரன் பார்ட்னர்ஷிப், அதுல 66 ஜெயசூர்யா, 4 எக்ஸ்ட்ரா, கலுவிதாரண எதுவும் இல்ல. ஓப்பனிங்ல ரெண்டு பேரும் அடிப்பாங்கன்னு பயந்து வந்த பாகிஸ்தானுக்கு ஒருத்தரே போதும்னு ஆயிடுச்சு. அந்த ஸ்கோர்கார்டை முதல்ல பாக்குறவங்க அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க, சத்தியமா பிழை இல்ல.

28 பந்துல 76 அடிச்சு ஜெயசூர்யா போனாரு. அதுக்கப்புறம் நடந்ததுதான் வேதனை. இலங்கை மொத்தமே 172. அதாவது மத்த பத்துப் பேரும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்து 96. கையில ஓவர் அள்ளிக் கிடக்கு, ஓவருக்கு மூணு ரன் எடுத்தாலே தாராளமா ஜெயிச்சுடலாம், 43 ரன்ல தோத்தாங்க. இதை எப்படி விளக்குறதுன்னு எனக்குள்ள ஒரு அபிப்பிராயம் இருக்கு. உலகக் கோப்பையில இலங்கையோட பலமே ஓப்பனர் போனாலும் நடுவரிசை பதறாம ஆடுறதுதான், டெல்லியிலயும் கல்கத்தாவுலயும் லாகூர்லயும் அதைத்தான் பாத்தோம், கல்கத்தாவுல ரெண்டு ஓப்பனரும் முதல் ஓவர்லயே போயும் அரவிந்த வந்து காப்பாத்துனாரு. ஆனா ஒரு முனையில ஒருத்தர் பந்துக்கு ரெண்டரை ரன் கணக்குல அடிச்சுட்டுப் போனா அடுத்து வர்றவனுக்கு எந்த வேகத்துல ஆடுறதுன்னே தெரியாது. நிதானமா ஆடவும் மனசு வராது, அதே மாதிரி அடிக்கவும் முடியாது. அந்தக் குழப்பத்துல விக்கெட் விழுந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். பாகிஸ்தானையும் பாராட்டணும், அந்த அடி வாங்கியும் தலையைத் தொங்கப் போடாம திரும்ப வந்து பந்து போட்டாங்களே, வாசிம் அக்ரம் இல்லாத டீம் அது.

அந்த ரெண்டு சாதனையோட கதை வேற வேற மாதிரி போச்சு. 48 பந்து சதம் ஆறே மாசம்தான் நின்னுச்சு. அக்டோபர் 4 நைரோபியில ஷாஹித் அப்ரிடின்னு ஒரு சின்னப் பையன் 37 பந்துல சதம், அதுவும் இதே இலங்கைக்கு எதிரா, ஜெயசூர்யாவோட பந்தும் அதுல நல்லா அடி வாங்குச்சு, சிக்ஸர் சரியா 11. அவரு அன்னைக்கு ஆடுனது சச்சினோட மட்டையில, வக்கார் வழியா கைக்கு வந்ததுன்னு அவரே சொல்லியிருக்காரு. அப்ரிடியோட அந்த 37ஐ 2014 புத்தாண்டு அன்னைக்கு கோரி ஆண்டர்சன் 36 ஆக்குனாரு. ஆனா 17 பந்து அரைசதம் 2015 ஜனவரி 18 வரைக்கும், கிட்டத்தட்ட 19 வருஷம் நின்னுச்சு. ஜோகன்னஸ்பர்க்ல ஏபி டிவில்லியர்ஸ் வெஸ்ட் இண்டீஸை 16 பந்துல அரைசதம், 31 பந்துல சதம்னு அடிச்சப்பதான் அது போச்சு. யோசிச்சுப் பாருங்க, நடுவுல டி20 வந்துச்சு, ஐபிஎல் வந்துச்சு, மட்டை தடியாச்சு, பவர்பிளே வந்துச்சு, கெயில், சேவாக், கில்கிறிஸ்ட் எல்லாரும் வந்து போனாங்க, பாடாங்ல ஈஸ்டர் அன்னைக்கு அடிச்சது அசையல. சின்ன கிரவுண்டுன்னு சொல்றவங்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்க, உலகத்துல வேற சின்ன கிரவுண்டே இல்லையா என்ன?

அப்புறம் சிங்கப்பூர்ல பெரிய கிரிக்கெட் பாடாங்ல இருந்து காலாங்குக்குப் போச்சு. 1999 செப்டம்பர்ல இந்தியா, வெஸ்ட் இண்டீஸ், ஜிம்பாப்வே. சச்சின் கேப்டன். ஃபைனல்ல டிராவிட் 103 நாட் அவுட். 3, 4னு பாடாங்ல தலை குனிஞ்சு போன அதே ஆளு, மூணு வருஷத்துல உலகக் கோப்பையோட அதிக ரன் அடிச்சவரா அதே ஊருக்குத் திரும்பி வந்து சதம் அடிச்சாரு. ஆனாலும் ஜெயிக்கல, ரிக்கார்டோ பவல்னு ஒரு ஜமைக்காக்காரர் 93 பந்துல 124 அடிச்சுக் கோப்பையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. 2000 ஆகஸ்ட்ல தென்னாப்பிரிக்கா, பாகிஸ்தான், நியூசிலாந்து வந்தாங்க, தென்னாப்பிரிக்கா ஜெயிச்சாங்க. அதோட சரி. அந்த வருஷம் ஏப்ரல்ல தென்னாப்பிரிக்கா கேப்டன் ஹான்ஸி குரோனியேவோட சூதாட்ட விவகாரம் வெடிச்சு, இந்த மாதிரி வெளியூர் கோப்பை மேல எல்லாருக்கும் நம்பிக்கை போச்சு, 2001ல இந்திய அரசாங்கம் ஷார்ஜா, சிங்கப்பூர், டொராண்டோ மாதிரி இடத்துல எல்லாம் இந்திய டீம் ஆடக் கூடாதுன்னு தடை போட்டாங்க. இந்தியா வரலைன்னா விளம்பரம் இல்ல, விளம்பரம் இல்லைன்னா கோப்பை இல்ல. சிங்கப்பூர் ரசிகர்கள் பண்ணாத தப்புக்கு சிங்கப்பூர் ரசிகர்கள் தண்டனை அனுபவிச்சாங்கன்னு எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

சிங்கப்பூர் டீமோட சொந்தக் கிரிக்கெட் பாலஸ்டியர் பக்கம் இந்தியன் அசோசியேஷன் கிரவுண்டுல உயிரோட இருக்கு. 2019 செப்டம்பர் 29 அங்க ஜிம்பாப்வேயை டி20ல 4 ரன்ல ஜெயிச்சாங்க, டெஸ்ட் ஆடுற ஒரு நாட்டை சிங்கப்பூர் தோற்கடிச்சது அதுதான் முதல் தடவை. அந்த டீம்ல இருந்தவர் டிம் டேவிட். அவரு பொறந்தது சிங்கப்பூர்ல, 1996 மார்ச் 16, லாகூர் ஃபைனலுக்கு முந்தின நாள். ஜெயசூர்யா பாடாங்ல அடிச்சுக்கிட்டு இருந்தப்ப இந்தக் குழந்தைக்கு மூணு வாரம் கூட ஆகல. ரெண்டு வயசுல குடும்பத்தோட பெர்த் போயிட்டாரு, பெரியவனாகி சிங்கப்பூருக்கு ஆடி, இப்ப ஆஸ்திரேலியாவுக்கு ஆடுறாரு. 2025 ஜூலையில செயின்ட் கிட்ஸ்ல வெஸ்ட் இண்டீஸை 37 பந்துல சதம் அடிச்சாரே, அந்த இன்னிங்ஸ்லயும் 11 சிக்ஸர்.

பழைய கிளிப்பைத் தேடிப் பாக்குறவங்க ஜெயசூர்யாவோட காலை கவனிங்க. இறங்கி வந்து அடிக்கிறது ரொம்பக் கம்மி, நின்ன இடத்துலயே எடையை பின்னங்காலுக்கு மாத்தி, முன்னங்கை பலத்துல மட்டையை வீசுறாரு. ஆஃப்ல கொஞ்சம் அகலமாப் போட்டா பாயிண்டுக்கு மேல கட், உடம்புக்கு வந்தா ஸ்கொயர் லெக் பக்கம் அப்படியே தூக்கி விடுறது. அந்த ரெண்டு ஷாட்டுக்கும் 15 ஓவர் ரூல்ல எல்லைக்கோட்டுல ஆள் வைக்கணும்னா இருக்கிற ரெண்டு பேரையும் அங்கயே நிறுத்தணும், அப்ப நேரா அடிச்சா பிடிக்க ஆள் கிடையாது. சோஹைல் தலையை சொறிஞ்சுக்கிட்டு ஃபீல்டரை இங்கயும் அங்கயும் மாத்துறது அதனாலதான், அவரு மோசமான கேப்டன்ங்கிறதால இல்ல.